கட்டிப்போட்ட படகு

போன வாரம் மானகிரி ஸ்டாப்பில் டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். ஜங்ஷன் போக வேண்டும். அங்கிருந்து எங்கே என்று கேட்காதீர்கள்... என்னைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டீர்கள்.

பஸ் வந்தது. எனக்கு முன்னால் ஐந்து பள்ளிக்கூடப் பெண்கள், ஒரு டீச்சர். நான்கு பெண்களின் தோளில் ஆளுயரத்தைத் தாண்டிய துடுப்புகள். கண்டக்டர் படியிலேயே மறித்துவிட்டார்.

"ஏத்தா, யாரு வீட்டுக் கல்யாணம்? பந்தக்கால தூக்கிக்கிட்டு வாரீக?"

"துடுப்புண்ணே. படகுப் போட்டிக்குப் போறோம். படகு அங்க தருவாக, துடுப்பு நம்மளுது."

"படகா? நம்மூருல குளிக்கவே தண்ணியக் காணோம். எங்குட்டு ஓட்டுறீக?"

"கம்மாயிலதாண்ணே."

"டிரைவரண்ணே, இங்குட்டுப் பாருங்க... கம்மாயில கப்பல் விடுற புள்ளைக!"

பஸ்ஸே சிரித்தது. முன்னால் நின்ற பாண்டிச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை. பிளஸ் டூ படிக்கிற பெண். அவளுக்கு அது கடைசிப் போட்டி. அவள் முகம் ஏன் அப்படி இருந்தது என்பது எனக்குத் தெரியும். சொல்கிறேன்.

எனக்கும் இந்தப் பெண்களுடைய பள்ளிக்கூடத்துப் படகு சங்கத்துக்கும் பழைய தொடர்பு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். லாரியில் கிளீனர், ஹோட்டலில் மாவாட்டுகிற வேலை, அப்புறம் ஒரு சுற்றுலா ஏரியில் துடுப்புப் போட்டேன். இரண்டு வேளை சோறு, படுக்கை படகிலேயே. மழை பெய்தால் கரையேறி மரத்தடி. இது எப்படியோ அந்தப் பள்ளியின் பி.டி. டீச்சர் ராஜாத்தி காதுக்குப் போயிருக்கிறது; பஸ்ஸில் பெண்களோடு வந்தவர் அவர்தான். டீக்கடைக்கே தேடி வந்துவிட்டார்.

"அண்ணே, நீங்க துடுப்புப் போட்டவகளாமே?"

"போட்டேன் டீச்சர். சோத்துக்கு."

"சோத்துக்குப் போட்டவகதான் ஒழுங்காப் போடுவாக. வாங்க."

டீச்சர் கடலோரத்து ஊர்க்காரர். மழைக்குப் பிறகு ஊர்க் கண்மாய் நிறைந்து கிடந்ததைப் பார்த்ததும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. முதல் படகு — நான்கு நீல டிரம், இரண்டு பலகை. கட்டியது நான். கவிழ்ந்தது அரை மணி நேரத்தில். நான்கு பெண்களும் தலையில் ஆகாயத்தாமரையோடு சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்கள். மறுநாள் எட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். கவிழ்வது தெரிந்தபிறகு கூட்டம் கூடிய ஒரே சங்கம் இதுவாகத்தான் இருக்கும்!

அடுத்த வருஷம் எங்கோ கழித்துப்போட்ட மரப்படகு ஒன்று டிராக்டரில் வந்தது. தார் பூசி ஓட்டை அடைத்தோம். அப்போதுதான் பெரியகருப்பன் வந்தார். கண்மாய்த் தண்ணீரில் விவசாயம் செய்கிறவர். மடை திறப்பது மூடுவதெல்லாம் அவர் பொறுப்பு.

"கம்மாத் தண்ணி வெள்ளாமைக்கு டீச்சர். வெளாட்டுக்கு இல்ல."

டீச்சர் சண்டை போடவில்லை. "மடையை அடைச்சிருக்க தாமரைய எங்க புள்ளைக எடுத்துத் தாரோம்" என்றார். நான்கே நாளில் மடை சுத்தம். அதன்பிறகு ஒருநாள் படகு இறங்கவில்லை என்றாலும், "ஏன், புள்ளைகள காணோம்?" என்று அவரே பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்.

பங்குனியில் தண்ணீர் வற்றும். ஊரே கூடையோடு இறங்கி மீன் பிடிக்கும். படகு பள்ளிக்கூட ஷெட்டுக்குப் போய்விடும். மறுபடி மழை வரும்வரை துடுப்புக்கு வேலையில்லை. இப்படியே வருஷா வருஷம்... இன்று முப்பது பெண்கள் விடியற்காலையில் ஒரே படகுக்கு வரிசை நிற்கிறார்கள்.

சரி, போன வருஷம் என்ன நடந்தது?

இந்தப் படகில் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். திசை பார்த்துச் சத்தம் கொடுக்க ஒருத்தி — சின்னப்பெண் கௌசல்யா. அவளுக்கு எதிரே முதல் ஆளாகப் பாண்டிச்செல்வி. மற்ற மூவரும் அவள் முதுகைப் பார்த்தே துடுப்புப் போடுவார்கள். எங்கள் கண்மாயில் இக்கரையிலிருந்து அக்கரைக்குச் சரியாக ஐம்பது இழுப்பு. ஐம்பதில் துடுப்பைத் தூக்காவிட்டால் கரையில் மோதும். எத்தனை வருஷப் பழக்கம்!

முதன்முறையாக வெளியூர்ப் போட்டி. பெரிய ஏரி, இரண்டு மடங்கு தூரம். எடுத்ததுமே எங்கள் படகு முன்னால். டீச்சர் கரையில் குதிக்கிறார். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது...

பாண்டிச்செல்வி துடுப்பைத் தூக்கிவிட்டாள். பின்னால் மூன்று துடுப்பும் சேர்ந்து எழுந்தன. பார்க்க அவ்வளவு அழகு!

"இன்னும் இருக்குக்கா! கரை வரலக்கா!" என்று கௌசல்யா கத்தினாள். மறுபடி துடுப்பு தண்ணீரைத் தொடுவதற்குள் எல்லாப் படகும் தாண்டிப் போய்விட்டது. கடைசி இடம்.

நீங்கள் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த வேலையிலும் எனக்கு இரண்டு வருஷம்தான். யாரும் போகச் சொல்ல வேண்டாம், கை தானாகத் தூக்கிக்கொள்ளும். நம்மில் பலர் களைத்துப்போயா நிற்கிறோம்? வழக்கமாக நிற்கிற இடம் வந்துவிட்டது என்று நிற்கிறோம்.

தலைமையாசிரியை நல்லவர்தான். ஆனால் படிப்பு கெடுகிறது என்று பெற்றோர் புகார். "அடுத்த வருஷமும் பாதியில நின்னா, படகு ஷெட்டோட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பாண்டிச்செல்வி இன்னொரு தடவை துடுப்பைத் தூக்கினால், வரிசையில் நிற்கிற முப்பது பேருக்கும் படகு இல்லை.

கண்மாயை நீட்ட முடியுமா? கரையில் திருப்பி மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். திருப்புகிற நேரத்தில் மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள். பயனில்லை.

இந்த மார்கழியில் ஒருநாள். படகு காற்றில் ஆடி மடையில் முட்டுகிறது என்று பெரியகருப்பன் அதன் பின்பக்கத்தை நீளக் கயிற்றால் மடைக்கல்லில் கட்டிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. காலையில் நல்ல பனி. தண்ணீருக்குள் கிடந்த கயிறு பெண்களுக்குத் தெரியவில்லை. இழுத்தார்கள். ஐம்பதில் துடுப்பைத் தூக்கினார்கள்.

"அக்கா... கரையவே காணோம்க்கா" என்றாள் கௌசல்யா.

மடைமேல் உட்கார்ந்திருந்த பெரியகருப்பனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏத்தா, கட்டிக் கெடக்குற மாட்டையா ஓட்டுறீக? இருங்க, அவுத்துவிடுறேன்."

மற்றவர்கள் அவரைத் திட்டினார்கள். பாண்டிச்செல்வி விறைத்து நின்ற கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அவுத்துறாதீக. நாளைக்கும் கட்டி வையுங்க."

"எதுக்குத்தா?"

"கட்டிக் கெடந்தாத்தான் கரை வராது."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். டீச்சர் விசில் ஊதும்வரை இழுக்க வேண்டும். வாய்விட்டு எண்ணினால் தாமரை அள்ளப் போக வேண்டும். தினமும் முடிச்சை இறுக்கியது பெரியகருப்பன்தான். போகாத படகுக்கு எதுக்கு இம்புட்டு வேர்வை என்று வேடிக்கை பார்த்தவர்கள் கேட்டார்கள்.

பஸ்ஸுக்கு வருகிறேன். கடைசியில் கண்டக்டரே இறங்கி வந்து துடுப்புகளை உள்ளே நீட்டினார். நடைபாதை நிறைய ஆள். அதனால் தலைக்கு மேலே ஆளுக்கொரு கை கொடுத்துத் தாங்கினோம். "அங்குட்டு அழுத்திப் பிடிங்கய்யா, புள்ளைக ஜெயிக்கணும்ல!" — சற்றுமுன் கப்பல் என்று கேலி செய்த அதே கண்டக்டர்.

"பயமா இருக்காத்தா?" என்று பாண்டிச்செல்வியிடம் கேட்டேன்.

"எண்ணிருவேனோன்னுதான் பயமா இருக்குண்ணே."

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. நான் திருக்கோஷ்டியூரில் ஒரு டீக்கடையில் இருந்தேன். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பது வேறு கதை.

"அண்ணே, மூணாவது! படகு நமக்குத்தான்னு தலைமையாசிரியை சொல்லிட்டாக!" ராஜாத்தி டீச்சர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"பாதியில நிக்கலையே டீச்சர்?"

"நிக்கவே இல்லண்ணே. அதான் பிரச்சனை."

எல்லைக் கோட்டைத் தாண்டியதும் மற்ற படகுகளில் இருந்த பெண்கள் அப்படியே துடுப்பின்மேல் சாய்ந்துவிட்டார்களாம். எங்கள் படகு போய்க்கொண்டே இருந்ததாம். போன வருஷம் நிறுத்தாதே என்று கத்திய கௌசல்யா, இந்த வருஷம் நிறுத்து என்று கத்தியிருக்கிறாள். இரண்டு வருஷமும் யாரும் அவள் பேச்சைக் கேட்கவில்லை, பாவம். நடுவர் மோட்டார் படகில் துரத்திப் போய்ப் பிடித்திருக்கிறார். பாண்டிச்செல்வி மூச்சிரைக்க அவரிடம் கேட்டாளாம்: "போதுமா சார்?"

மூன்றாவது இடம்தான். ஆனால் அன்றைக்கு அந்த ஏரியில் அதிக தூரம் போன படகு எங்களுடையது!