ஆயாவுக்கு என்ன வயது

உள்ளங்கையில் இரண்டு வெள்ளி மெட்டிகளை வைத்துக்கொண்டு ஆயா என் மேஜையருகே வந்து நின்ற அந்தக் காலைதான் முதலில் ஞாபகம் வருகிறது. அடையாற்றில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அடுக்குவது அவர் வேலை. "சோப்பு போட்டுத்தான் கயட்டுனேன் டாக்டரம்மா. காலு உப்பிக்கினே போவுது. படுத்தா மூச்சு அடைக்குது, செவுத்துல சாஞ்சி குந்திக்கினே தூங்குறேன்" என்றார். புருஷன் உயிரோடு இருக்கும்போது மெட்டியைக் கழற்றும்படி ஆகிவிட்டதே என்பதுதான் அவருடைய பெரிய கவலை. நான் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு நுண்ணோக்கியில் மறுபடி குனிந்துகொண்டேன். "வயசாயிடுத்து ஆயா, அப்படித்தான் இருக்கும். உப்பைக் கொறைச்சுக்கோ" என்றேன்.

என் அறைக் கதவில் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டிருக்கும். அது செல்களை ஆராய்ந்து வாங்கிய பட்டம். ஒருவருடைய நாடியைப் பிடித்துப் பார்க்கக்கூட எனக்குத் தெரியாது. ஆயாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தலைவலி, பேரனுக்குச் சளி என்று எதற்கும் என்னிடம்தான் வருவார். நான் ஒருநாளும் திருத்தவில்லை. நேரமில்லை என்று இங்கே எழுதிவிடலாம், ஆனால் அது பொய். அந்த மரியாதை எனக்கு ருசித்தது.

அன்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவை என்ன தெரியுமா? மூப்படைந்த இதயச் செல்கள். அதே மாதம் மயிலாப்பூரில் ஒரு சபா மண்டபத்தில் அதைப் பற்றித்தான் பேசினேன். மூப்படைந்த செல்கள் வேலையை நிறுத்திய பிறகும் சாகாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும், பக்கத்துச் செல்களையும் கெடுக்கும், ரத்தக் குழாய் விறைக்கும், இதயம் களைக்கும், களைத்த இதயம் செல்களுக்கு இன்னும் மூப்பைக் கொண்டுவரும் என்று விளக்கினேன். "காலண்டர் வயசு வேற, செல்லோட வயசு வேற. வயசாச்சுன்னு சொல்லி எதையும் ஒதுக்கிடாதீங்கோ" என்றதும் நல்ல கைதட்டல். பட்டுப் புடவையும் பொன்னாடையுமாக வீடு திரும்பினேன். ஆயாவுக்குச் சொன்ன பதில் எனக்கு நினைவுக்கே வரவில்லை.

ஆற்றங்கரையில் இருந்த ஆயாவின் வீட்டை அரசாங்கத்தில் இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே நான்காவது மாடியில் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். லிப்ட் பாதி நாள் ஓடாது. அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். ஒரு வருடம் போல அப்படியே வந்துகொண்டிருந்தவர், ஒருநாள் அந்த மாடிப்படியிலேயே சுருண்டு விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அவர் மகள் என்னிடம் ஒரு படிவத்தை நீட்டி எழுதித் தரச் சொன்னாள். "இதயம் வீங்கிப்போயி ரொம்ப நாளாச்சாம் மேடம். நான் அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கூப்ட்டேன். அம்மாதான், எங்க டாக்டரம்மா பாத்துட்டாங்க, வயசுதான்னு சொல்ட்டாங்கன்னு வரவே மாட்டேன்னுடுச்சி" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். வயதை நிரப்ப ஆதார் அட்டையைப் பார்த்தேன். நாங்கள் அத்தனை பேரும் ஆயா என்று கூப்பிட்ட அந்தப் பெண் என்னைவிட நான்கு வயது சின்னவர். அவர் பெயரையும் அன்றுதான் படித்தேன். இத்தனை வருடம் கூப்பிடாத பெயரை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். வேலையை விட்டுவிட்டார், இனி வாழ்நாள் முழுக்க மாத்திரை, நாலு எட்டு வைத்தால் இரைப்பு. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "இவங்கதான் எங்க டாக்டரம்மா. மொத மொதல்ல என்னப் பாத்ததே இவங்கதான்" என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பெண் உடனே புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி, "இத்தக் கொஞ்சம் பாரும்மா, இன்னா வீக்கம்னே தெர்ல" என்று காலை நீட்டினாள்.

"நான் வைத்தியம் பாக்கற டாக்டர் இல்லைம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது. அன்னிக்கு உங்களுக்கும் தப்பாத்தான் சொன்னேன்" என்றேன். ஆயாவை நான் 'நீங்கள்' என்றது அதுதான் முதல் தடவை.

அவர் மூச்சிரைக்கச் சிரித்தார்.

"பெரிய டாக்டருங்க இப்டித்தான் தன்னடக்கமா பேசுவாங்க. நீ நல்லா காட்டுடி."