எறக்கதுக்கு ஒரு எடம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓணம் கழிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நாகர்கோவிலிலிருந்து அஞ்சுகிராமம் போகும் வழியில் ஒரு ஜங்ஷன். அதை ஒட்டிய சமூக நலக்கூடத்தில் நான் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தேன். மைக் என்றால் எனக்குக் கொள்ளைப் பிரியம். அதனால் வந்த வினைதான் இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கட்டட வடிவமைப்பு என் தொழில். பிறந்தது அருமனைப் பக்கம். பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் ஒரு பெரிய கம்பெனியில் ஹோட்டலும் ஆஸ்பத்திரியுமாக வரைந்து தள்ளிவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தேன். சும்மா இருக்க முடியவில்லை. என்னைப் போலவே வீடு, தெரு, ஊர் என்று பேசிப் பேசி வீட்டிலுள்ளவர்களை நோகடித்த ஏழெட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு கூட்டம் ஆரம்பித்தோம். கட்டடக்கலை பற்றியோ நகர அமைப்பு பற்றியோ ஒரு புத்தகத்தை ஒருவர் படித்துவிட்டு வந்து தமிழில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம். யார் வேண்டுமானாலும் வரலாம். வந்தவர்களில் முக்கால்வாசி ஓய்வுபெற்ற வாத்தியார்கள். ரசவடைக்காக மட்டும் வருகிற இரண்டு பேரும் உண்டு. அவர்கள்தான் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

அந்த மாதக் கூட்டம் கொஞ்சம் விசேஷமானது. அந்த ஜங்ஷனில் ஒரு பஸ் நிழற்குடை கட்டுவதாக இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் தன் அப்பா நினைவாகக் கட்டிக்கொடுக்கிறார். வரைந்து தரும் வேலையை நான் இலவசமாக ஏற்றுக்கொண்டிருந்தேன். பஞ்சாயத்து அனுமதியும் கிடைத்துவிட்டது. கட்டுவதற்கு முன்னால் ஊர்க்காரர்களுக்கே அதைக் காட்டிப் பேசினால் என்ன என்று தோன்றியதால், வழக்கமான நூலக மாடியை விட்டுவிட்டுக் கூட்டத்தை அங்கேயே வைத்தோம்.

நான் எடுத்துக்கொண்டது தெருக்களில் மனிதர்கள் எப்படி நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று படம் படமாக விளக்கும் ஒரு வெளிநாட்டுப் புத்தகம். ஓர் இடத்தைத் தொடுவதற்கு முன்னால் அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அதில் ஒரு பக்கம் முழுக்க வருகிறது. அந்தப் பக்கத்தில் நான் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். போய்ப் பார்க்கவும் செய்தேன், பொய் சொல்லவில்லை. மூன்று தடவை போனேன். மூன்றும் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அன்றைக்குத்தானே லீவு.

நிழற்குடை வரவேண்டிய இடத்தில் ஒரு பழைய சுவர் தனியாக நின்றது. எப்போதோ இருந்த ஏதோ கடையின் மிச்சம். டேப் வைத்து அளந்தேன், நாலே கால் அடி உயரம். மேல் விளிம்பு மழுங்கி, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஈரம் ஏறிய சுவர், பலம் இல்லை என்று குறிப்பு எழுதி, வரைபடத்தில் அதன்மேல் குறுக்குக் கோடு போட்டு ‘இடிக்க’ என்று எழுதிவிட்டேன்.

கூட்டத்தில் அந்தச் சுவரின் போட்டோவைத் திரையில் காட்டி, உட்கார முடியாத உயரம், நிழல் தராத உயரம், உலகத்தில் எதற்குமே உதவாத உயரம் என்று சொன்னேன். நல்ல சிரிப்பு. வருகிற புதன்கிழமை காலை இந்தக் குட்டிச்சுவருக்கு விடை கொடுக்கிறோம் என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

கேள்வி நேரம் வந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்துக்கு மேல். கரும்பச்சைச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. கோயிலிலிருந்து நேராக வந்தவர் போல இருந்தார். என்னைப் போல மைக் பிடித்துப் பேசுகிற பெண் என்றால் எங்கள் பக்கத்தில் டீச்சராகத்தான் இருக்க வேண்டும். அவரும் என்னை அப்படியே கூப்பிட்டார்.

“அப்பம், இனி எறக்கதுக்கு எடம் உண்டா டீச்சர்?”

என் முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பன்னிரண்டு வருடம் நான் வரைந்த ஒவ்வொரு ஹோட்டல் வாசலிலும், ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் முதலில் குறிப்பது ஆட்களை இறக்கிவிடும் இடத்தைத்தான். இவ்வளவு சரியான கேள்வியை ஒரு வாத்தியார்கூடக் கேட்கவில்லையே என்று பூரித்துப்போனேன். பஸ் சாலையிலிருந்து எத்தனை அடி விலகி நிற்கும், பின்னால் வருகிற ஆட்டோ எங்கே நின்று ஆளை இறக்கும், முடியாதவர்கள் தடுக்காமல் இறங்கப் படியின் உயரத்தை எப்படிக் குறைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் விளக்கினேன். கைதட்டினார்கள்.

அவர் “செரி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் ரசவடைப் பக்கம் போக, அவர் மட்டும் மேஜையில் இருந்த தெர்மகோல் மாதிரியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்து மெதுவாகத் தடவினார். மாதிரி அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் தூரத்திலிருந்தே சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு ஸ்கூட்டரில் போய் இறங்கினேன். கடப்பாரையும் சம்மட்டியுமாக மூன்று பணியாளர்கள் மரத்தடியில் நின்றார்கள். வேலை தொடங்கவில்லை. நேரமாகிறதே, ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

“மீன்காரவங்க எறக்கி வச்சிருக்காவ. எடுத்துட்டுப் போவட்டும்னு நிக்கோம்” என்றார் ஒருவர்.

சுவரைப் பார்த்தேன். அதன்மேல் நான்கு அலுமினியச் சருவங்கள் வரிசையாக இருந்தன. நான்கிலும் மீன். நான்கு பெண்கள் சுவரை ஒட்டி நின்று யாவாரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவதாக ஒருவர் சாலையைத் தாண்டித் தலையில் சருவத்தோடு வந்தார். யாரையும் கூப்பிடவில்லை, யாரையும் பார்க்கவுமில்லை. சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முழங்காலை லேசாக மடக்கி, தலையைப் பின்னால் சாய்த்தார். சருவம் தானாக வழுக்கிச் சுவரின்மேல் உட்கார்ந்தது. விளிம்பிலிருந்து மீன் தண்ணீர் வடிந்து சுவரை நனைத்தது. உப்புப் பூத்திருப்பதைக் கண்டு, ஈரம் ஏறிய சுவர் என்று நான் எழுதிய அதே இடம்.

எறக்கதுக்கு எடம் உண்டா டீச்சர்?

ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்காரர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள். இந்த மாவட்டத்தில் இது தெரியாத ஆள் கிடையாது. ஞாயிறு மத்தியானம் மீன் இல்லையென்று முணுமுணுக்கிற வீடுதான் எங்கள் வீடும். தெரிந்துகொண்டேதான் மூன்று ஞாயிற்றுக்கிழமை போய், அந்தச் சுவரை யாருமே பயன்படுத்தவில்லை என்று கண்டுபிடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

சுவரோரத்தில் மூன்றாவதாக நின்றவர்தான் கூட்டத்தில் கேள்வி கேட்டவர். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். இடுப்பில் ஒரு நைலான் பை. என்னைக் கண்டதும் ஞாயிற்றுக்கிழமை சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார். கிட்டே போனேன். நீங்கள் கேட்டது இதைத்தானா என்று மட்டும் கேட்டேன்.

“நீங்க நல்லாத்தான் சொன்னிய டீச்சர். எனக்குத்தான் கேக்கத் தெரியல்ல” என்றார்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டு அவர் நின்றது எனக்குத் தாங்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. மீன் வாங்க நின்றவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள்.

அவர் சங்கடப்பட்டு, என்னைச் சமாதானம் செய்கிற மாதிரி விவரம் சொன்னார். தெருவுக்குள் போனால் வீட்டிலுள்ள பெண்கள் ஒரு கை பிடித்து இறக்கிவிடுவார்கள், ஏற்றியும் விடுவார்கள். அது பிரச்சினை இல்லை. ஜங்ஷனில்தான் கஷ்டம். முன்பு வேறொரு முக்கில் யாவாரம் பார்த்தாராம். அங்கேயும் இதுபோல ஒரு சுவர் இருந்து, ஒருநாள் போய்விட்டது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் ஒரு கை பிடியுங்கள் என்று கேட்டால், நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுவார்களாம். சட்டையைப் பார்த்துக்கொள்வார்களாம். ஒரு மாதம் கேட்டுப் பார்த்துவிட்டு, அந்த முக்கையே விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறார். சுவர் போகப்போகிறது என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் கூட்டத்துக்கே வந்தாராம்.

“இந்தச் செவரு நின்னா ஒருத்தர்ட்டயும் கை பிடிக்கச் சொல்லாண்டாம். அவ்வளவுதான் டீச்சர்.”

அப்போது எனக்கு என்ன தோன்றியதோ, அந்தச் சருவத்தை ஒரு தடவை என் தலையில் வையுங்கள் என்றேன். அவர் பதறிப்போனார். சேலை நாறும், வேண்டாம் என்றார். நான் விடவில்லை. அரைவாசி மீனைப் பக்கத்துச் சருவத்துக்கு மாற்றிவிட்டு, தோளில் கிடந்த துண்டை வளையமாகச் சுற்றிச் சும்மாடு செய்து என் உச்சியில் வைத்தார். இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். கடப்பாரைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

பத்து அடி நடந்திருப்பேன். கழுத்து உடம்புக்குள் இறங்கிவிடுகிற மாதிரி ஒரு பாரம். காதோரமாகத் தண்ணீர் வடிகிறது. பக்கத்தில் யார் நிற்கிறார்கள், எந்தப் பஸ் வருகிறது, ஒன்றும் கண்ணில் படவில்லை. இதை எங்கே இறக்குவது என்ற ஒரே நினைப்புதான். “கழுத்த நேர வையி, பைய, பைய” என்று பின்னாலிருந்து அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. தட்டுத்தடுமாறிச் சுவருக்கு வந்து, முதுகைக் காட்டித் திரும்பி முழங்காலை மடக்கினேன். அவர் கை இரண்டு பக்கமும் காவலுக்கு இருந்தது, ஆனால் தொடவில்லை. சருவம் சுவரில் உட்கார்ந்தபோது வந்த அந்த மூச்சை என்னால் எந்தப் புத்தகத்திலும் கோடு போட்டுக் காட்ட முடியாது.

“கொள்ளாம் மக்கா, நல்லாத்தான் எறக்கிட்ட. நாளைக்கும் வாறியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் போய், பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடுகிற மக்கா வந்திருந்ததை நான் கவனித்தேன். அன்று முழுக்க அது எனக்கு இனித்துக்கொண்டே இருந்தது.

பணியாளர்களைத் திருப்பி அனுப்பினேன். கட்டிக்கொடுக்கிறவருக்கு அங்கிருந்தே போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அப்பா பெயர்ப் பலகை எங்கே வரும் என்பதுதான் அவருக்குக் கவலை. நிழற்குடையை எட்டடி தள்ளி வைத்து, பலகையைச் சாலை பார்த்து வைக்கலாம் என்றதும், செவரு கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டார். வரைபடத்தைப் புதிதாகப் போட்டேன். ‘இடிக்க’ என்று இருந்த இடத்தில் ‘எறக்கதுக்கு எடம்’ என்று அவர் சொன்ன மாதிரியே எழுதினேன். மேஸ்திரிக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.

அடுத்த மாதக் கூட்டம் நூலக மாடியில். புத்தகம் எதுவும் இல்லாமல் போனேன். அதே சுவரின் போட்டோவைக் காட்டி, போன மாதம் நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் திருப்பிச் சொல்லி, ஒவ்வொன்றும் எப்படித் தப்பு என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அவரும் வந்திருந்தார், நான்தான் அழைத்திருந்தேன். இப்படி ஒன்று வேறு ஊரில் கட்டினால் என்ன உயரம் வைக்கலாம் என்று ஒரு வாத்தியார் கேட்க, நான் வாயைத் திறக்காமல் மைக்கைக் கடைசி வரிசைக்குக் கொடுத்தனுப்பினேன். நெட்டையானவர்களுக்கு ஒரு சாண் கூட்ட வேண்டும், மேலே பின்பக்கமாகச் சரிவு வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் நம் முதுகில் வடியும் என்று அவர் நின்று நிதானமாகச் சொன்னார். அந்தச் சரிவைப் பிறகு நம் சுவருக்கும் பூசிக்கொடுத்தோம்.

இப்போதும் நான் கூட்டங்களில் பேசுகிறேன். பிரியம் போய்விடுமா என்ன? ஆனால் யாருக்குப் பதில் சொன்னாலும், சொல்லி முடித்த பிறகு, நீங்கள் கேட்டது இதுதானா என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன். வேலை நாளில் அந்த ஜங்ஷன் வழியாகப் போனால் ஸ்கூட்டரை மெதுவாக்கி, நான் வரைந்த நிழற்குடையைப் பார்க்காமல் சுவரின் மேல் விளிம்பைத்தான் பார்க்கிறேன். அது ஈரமாக இருந்தால், இத்தனை வருடத்தில் நான் கட்டிய எதையும்விட, அன்றைக்கு இடிக்காமல் விட்ட அந்த நாலே கால் அடிதான் என் மனசை நிறைக்கிறது.