சாடு என்றால் விடு

கல்கத்தாவில் மீன் வாங்கப் போனால் முதலில் திட்டு வாங்க வேண்டும். எங்கள் தெருமுனை மீன்காரர் கெண்டையைத் தராசில் வைப்பதற்கு முன், "நேற்று அந்த சென்டர் பார்வர்டை ஏன் உள்ளே விட்டாய்?" என்று கேட்பார். பதில் சொன்னால்தான் மீன். நான் இங்கே ஒரு கால்பந்து கிளப்பில் ஸ்டாப்பர். அதாவது, கோல்கீப்பருக்கு முன்னால் நடுவில் நின்று, வருகிறவனை மறிப்பவன். நம் சிவகாசியில் பந்து விளையாடுகிறவனை வேலைவெட்டி இல்லாதவன் என்பார்கள். இந்த ஊரில் அதற்கென்றே உத்தியோகம் கொடுக்கிறார்கள். மூன்று வருடமாகியும் எனக்கு அந்த ஆச்சரியம் தீரவில்லை.

நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நானும் அண்ணனும் வேலை பார்த்தோம். கண்மாய் வற்றியதும் ஞாயிறுதோறும் வெறுங்காலோடு அங்கே இறங்கிவிடுவோம். அண்ணன் கோல்கீப்பர், அவனுக்கு முன்னால் நான். காளி பூஜைக்கு ஆர்டர் பேச வந்த கல்கத்தா வியாபாரி ஒருவர் ஒரு நாள் ஆட்டம் முழுவதையும் வெயிலில் நின்று பார்த்தார். அவர் ஊர் திரும்பியதும் அங்கிருந்த ஒரு கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. ஒரு சீசன் வைத்துப் பார்ப்பார்கள். தேறினால் உத்தியோகமும் தங்க அறையும், தேறாவிட்டால் திரும்பி வர வேண்டியதுதான். நான் தயங்கினேன்.

"போலே. இந்த மருந்து நெடியில கெடக்க நான் ஒருத்தன் போதும்" என்றான் அண்ணன்.

போனேன். பூட்ஸ் போடக் கற்றேன், மழைச் சேற்றில் வழுக்காமல் நிற்கக் கற்றேன். பாஷை மட்டும் ஏறவில்லை. சீசனின் கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் உயரமாக ஒரு பந்து வந்தது. எங்கள் கோல்கீப்பர் தபன் பின்னாலிருந்து "சாடோ, சாடோ" என்று கத்தினான். எங்கள் அம்மா திருநெல்வேலிப் பக்கம்; எங்கள் வீட்டில் சாடு என்றால் எகிறிக் குதி என்று அர்த்தம். சாடினேன். பந்து என் தலையில் பட்டு எங்கள் கோலுக்குள்ளேயே போனது. தோற்றோம். கிளப் செயலாளர் என் முகத்தைப் பார்க்காமலே, "அடுத்த ஆட்டம் முடியட்டும், முடிவு சொல்கிறேன்" என்று நடந்தார்.

உடை மாற்றும் அறையில் தபன் சண்டைக்கு வந்தான். "சாடோ என்றுதானே சொன்னேன்" என்று வங்காளியில் கத்தினான். "அதனால்தான் சாடினேன்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நானும் கத்தி, அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவன் குனிந்து என் கையைப் பார்த்தான். "சாடோ" என்றான், இந்த முறை மெதுவாக. கையை எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது: அவன் பாஷையில் அதற்கு 'விடு' என்று அர்த்தம். நான் நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்து, "எங்க ஊர்ல இதுதான் சாடு" என்று காட்டினேன். தபன் பெஞ்சில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தான். பிறகு, உங்கள் ஊரில் விடு என்பதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டான். 'விடுலே' என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் வாயில் வகரம் வராது. 'பிடுலே' என்றே பழகிக்கொண்டோம்.

கடைசி ஆட்டத்தில் நாங்கள் ஒரு கோல் முந்தியிருந்தோம். முடியப்போகும் நேரத்தில் மறுபடியும் அப்படியொரு உயரப் பந்து. என் கால் தானாக எகிறப் பார்த்தது. "பிடுலே" என்றது பின்னாலிருந்து. அவ்வளவு பெரிய மைதானத்தில் அந்த 'லே' காதில் விழுந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பந்து தபன் கைக்குள் போய்ச் சேர்ந்தது. ஜெயித்தோம். செயலாளர் வந்து அறைச் சாவியைக் கொடுத்தபோது அழுதுவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போகப்போக பாஷையும் ஏறியது; தபன் 'சாடோ' என்றாலே விட்டுவிடப் பழகினேன். இந்த வருடம் பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கண்மாய்க்குள் பழைய ஆட்கள் கூடிவிட்டார்கள். அண்ணன் கோலில் நின்றான், அவனுக்கு முன்னால் நான். உயரமாகப் பந்து வந்தது. "சாடுலே" என்றான் அண்ணன். நான் ஒதுங்கி நின்று வழிவிட்டேன். பந்து அவனையும் தாண்டி உள்ளே போனது.

"ஏலே, சாடுன்னுதான சொன்னேன்?"

"ஆமாண்ணே. அதான் விட்டுட்டேன்" என்றேன்.

அண்ணன் பந்தை எடுக்கப் போகாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.