கழற்றாமல் விட்ட டோக்கன்

எழுபதுகளின் பிற்பகுதியில் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் கருவி அறையைப் பார்த்துக்கொண்டேன். பாலிடெக்னிக் முடித்த எனக்கு அது முதல் வேலை. தொழிலாளி தன் எண் பொறித்த பித்தளை டோக்கனைத் தந்து கருவியை வாங்கிப் போவார். கருவி தொங்கிய ஆணியில் டோக்கனை மாட்டுவேன். கருவி திரும்பியதும் கழற்றிக் கொடுத்துவிடுவேன்.

ஒரு வாரம், மயிரிழைத் தடிமனையும் அளக்கும் கையடக்க மைக்ரோமீட்டர் ஒன்றைக் காணவில்லை. அதன் ஆணியில் இருந்தது, பழவேற்காட்டிலிருந்து வந்து லேத் ஓட்டும் ஒருவருடைய டோக்கன். அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டதாக அவர் சொன்னார். யாரும் நம்பவில்லை. தினமும் ஷிப்ட் முடிந்ததும் காவலாளிகள் ஆண்களை வாசலில் வரிசையாக நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொல்லிச் சோதித்தார்கள். பெண்கள் எங்களை விட்டுவிட்டார்கள்.

ஞாயிறு மாலை பாதித் தொழிற்சாலை டூரிங் டாக்கீஸில் இருந்தது. கோர்ட் விடுவித்த குற்றவாளிகளை நாயகன் தேடித் தேடிக் கொல்லும் படம். மொத்தம் ஐந்து கொலை; எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாவதற்கு நானும் கைதட்டினேன். ஒருமுறைகூட அவன் ஆள் மாறிப் பிடிக்கவில்லை.

மறுநாள் மதியம், பழுதுக்கு அனுப்ப வேண்டியவற்றைப் பட்டியல் போட உட்கார்ந்தேன். அந்தப் பெட்டியில் மைக்ரோமீட்டர் கிடந்தது. கூடவே என் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘முனை தேய்ந்துள்ளது.’ நான்தான் வாங்கி வைத்திருக்கிறேன். கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் டோக்கனைக் கழற்றாமல் ஓடியிருக்கிறேன்.

அதே நேரம் ஷெட்டுக்குப் பின்னால் கூச்சல்.

“கோர்ட்டு கீர்ட்டுலாம் வேணாம் நைனா, தீர்ப்பு இங்கியேதான்!”

“எங்கடா வித்த? உன்னால டெய்லி சட்டைய அவுத்துக்கினு நிக்கிறோம்!”

“ஊட்டுல வந்து வேணா தேடுங்கப்பா. நா எடுக்கல.”

மைக்ரோமீட்டரோடு ஓடினேன். லேத்காரரின் உதடு கிழிந்திருந்தது. ஃபிட்டர் ஒருவர் அவர் சட்டையைப் பிடித்திருந்தார்.

“அவர் குடுத்துட்டார். நான்தான் டோக்கனைக் கழட்டல. தப்பு என்னோடது” என்றேன்.

ஃபிட்டரின் பிடி தளர்ந்தது. பின்னாலிருந்து ஒருவர், “இப்ப யார மேடம் அடிக்கிறது?” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஃபிட்டரே போய் ஜக்கில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாரமாக அவரும் அந்த வாசலில் வெறும் உடம்போடு நின்றவர்தான்.

லேத்காரர் வாய் கொப்பளித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“உன்ன எவனும் அடிக்க மாட்டான் மேடம். அதான் வந்து சொல்ட்ட.”

நேராக மேலாளரிடம் போய், நடந்ததை எழுதிக் கொடுத்தேன். வாயால் சொன்னதே போதும், எழுத்தில் இருந்தால் உன் வேலைக்குத்தான் ஆபத்து என்றார். நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும் என்று கேட்டேன். தயங்கிக் கையெழுத்திட்டார்.

அன்று மாலை வாசலில் யாரையும் நிறுத்தவில்லை. லேத்காரர் போர்டின் முன் நின்று, உதட்டில் கைக்குட்டையை அழுத்தியபடி, கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.