சித்தப்பா அழித்த எச்சரிக்கை

என் சித்தப்பா டாக்சி ஓட்டுகிறார். வீட்டில் வேறு வருமானம் கிடையாது. சில மாதங்களுக்கு முன் அவர் காரில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிய ஆரம்பித்தது. பட்டறையில் விட்டால் ஒரு நாள் ஓட்டம் போய்விடுமே என்று, காரின் கோளாறைக் காட்டும் சின்ன ஸ்கேனர் ஒன்றை வாங்கினார். ஸ்டியரிங்குக்குக் கீழே அதைச் செருகினால் திரையில் கோளாறு எண் வரும்; பொத்தானை அழுத்தினால் அந்த எண் அழியும், விளக்கும் அணையும். தினமும் காலையில் அதுதான் முதல் வேலை.

"பல் தேய்க்க மறந்தாலும் இதை மறக்க மாட்டாரு" என்று சித்தி கிண்டல் செய்வார்.

நேற்று மேட்டில் ஏறும்போது கார் பலமாக உதறியது. பட்டறைக்கு ஓட்டிப்போய் விளக்கு, ஸ்கேனர் கதையைச் சொன்னார். மெக்கானிக் இன்ஜினின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளந்தார். மூன்றாவதில் மீட்டர் முள் பாதிகூட ஏறவில்லை.

"ஸ்கேனர்ல என்ன எண் காட்டுச்சுண்ணே?"

"படிக்கல தம்பி. அழிச்சுட்டேன்."

"எல்லாத் தடவையுமா? நோயாளி வாயைப் பொத்திக்கிட்டே வைத்தியம் பார்த்திருக்கீங்க! அப்பவே வந்திருந்தா பிளக்குக்குக் கரண்ட் குடுக்குற இக்னிஷன் காயில் ஒண்ணை மாத்துறதோட முடிஞ்சிருக்கும். எரியாத பெட்ரோல் இறங்கி இறங்கி உள்ள எல்லாம் தேஞ்சுபோச்சு. இனிமே இன்ஜினையே மாத்தணும்."

"இப்படியே கொஞ்ச நாள் ஓடாதா?"

"வீடு வரைக்கும் ஓடும்ணே."

வாசலில் காரை நிறுத்திய சித்தப்பா இறங்கவே இல்லை. சித்தி ஜன்னலருகே வந்தார்.

"என்னங்க, இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டீங்க?"

"ம். நாளைக்கும் போகல."

"அப்பாடா! ஒரு நாளாவது ஓய்வெடுக்கணும்னு தோணுச்சே" என்று சித்தி சந்தோஷமாகக் கதவைத் திறந்துவிட்டார்.