ஓட்டுநர் வீட்டு நாற்காலிகள்

அந்த வீட்டில் இருந்தது இரண்டு பேர். பேசியது ஒருவர்தான். பழைய துணியைப் பிரித்துத் தைப்பது, நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று நாளெல்லாம் தையல் மிஷினோடு மல்லுக்கட்டும் தையல்காரம்மா, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுவாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவரோடும் பேசுவாள். உள்ளே இருப்பவர் அவள் கணவர், நகரப் பேருந்து ஓட்டுநர். அவரிடமிருந்து வரும் பதில் "ம்." மனுஷர் நல்ல குஷியில் இருந்தால் "சரி."

மகள் வெளியூரில் தங்கிப் படிக்கிறாள். அவள் போன் செய்தால், "சாப்ட்டியா? சரி, அம்மாகிட்ட குடுக்குறேன்" என்பார். அவள் பிறந்தநாளன்றும் அதேதான். "அப்பா இன்னிக்கு ரொம்பப் பேசிட்டாரும்மா" என்று மகள் சொல்ல, அம்மாவும் பெண்ணும் சிரிப்பார்கள். போனை வைத்த பிறகு தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வராது. இத்தனை வருஷத்தில் அவள் தைத்த எதையும் அவர் நன்றாயிருக்கிறது என்றதில்லை. மட்டம் என்றும் சொன்னதில்லை. திட்டினாலாவது திருப்பித் திட்டலாம், கல்லுளிமங்கனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தன்னோடு பேச அவருக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது என்ற நினைப்பு அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் ரயில்வேக்காரர்களுக்கு ஞானோதயம் பிறந்தது. தண்டவாளம் பழசாகிவிட்டதாம். புறநகர் ரயில் பாதையை நட்டநடுவில் வெட்டி, இந்த ஸ்டேஷனுக்கும் அந்த ஸ்டேஷனுக்கும் இடையே மறு அறிவிப்பு வரை ரயில் கிடையாது என்று எழுதி ஒட்டினார்கள். ஒட்டிய இடம் ஸ்டேஷனுக்கு உள்ளே. ஒட்டிவிட்டு வெளிக் கேட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வேலைக்குப் போகிற ஜனம் கேட் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்து, கேட் ஏன் பூட்டியிருக்கிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டது.

ரயில் விட்ட இடத்தை இட்டு நிரப்பப் பேருந்துகளைத் திருப்பிவிட்டார்கள். பெரிய சாலையில் பாலம் வேலை நடந்ததால், அவை தையல்காரம்மா வீட்டுத் தெருவுக்குள் புகுந்து போயின. இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று இறங்கி வழிவிடுகிற தெரு அது. ஒரு நாள் காலையில் இரண்டு பேர் வந்து, அவள் வாசலுக்கு நேரே ஓர் இரும்புக் கம்பத்தை நட்டு, ‘தற்காலிக நிறுத்தம்’ என்று தகரப் பலகை மாட்டிவிட்டுப் போனார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்காரருக்கு முன்பே தெரியுமோ என்னவோ, தெரிந்தாலும் எங்கே சொல்லப்போகிறார்?

அன்றிலிருந்து அவளுடைய சன்னல் விசாரணை அலுவலகமாகிவிட்டது. இந்த பஸ் ஸ்டேஷனுக்குப் போகுமா, அந்த பஸ் எப்போது வரும், முன்னால் போனது எது என்று ஆளாளுக்குத் தலையை நீட்டிக் கேட்டார்கள். ஒரு பெரியவர், தண்டவாளத்தைப் பிரித்துப் போட்டதே அவள்தான் என்பதுபோல், "எப்பம்மா முடியும்?" என்று அதட்டினார்.

"சாயங்காலம் வாங்க, தைச்சுச் சேத்து வெக்கிறேன்" என்றாள் அவள். பெரியவர் அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்குப் புரியவில்லை. காலையில் காலியாக ஒரு பேருந்து வந்து நிற்கும். பாதிப் பேர் ஏறாமல் நிற்பார்கள். கேட்டால், "வாயாடி பஸ் வரட்டும்" என்பார்கள். அது வந்ததும் சன்னலை மறைத்துக்கொண்டு கூட்டம் முண்டியடிக்கும், ஓட்டுவது யாரென்று அவளுக்குத் தெரியாது.

"அது என்ன வாயாடி பஸ்?" என்று ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிற நர்ஸம்மாவைக் கேட்டாள்.

"புது வழி யாருக்கும் புரியலைன்னு டிரைவருங்களுக்கு மைக் குடுத்துருக்காங்கல்ல? ஸ்டாப் பேரைச் சொல்றதுக்கு. ஒருத்தர் ஸ்டாப் பேரைத் தவிர மத்த எல்லாத்தையும் சொல்றாரு. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும். டிப்போவுலயே அவருக்கு வாயாடின்னுதான் பேராம்."

தையல்காரம்மாவுக்குப் பொறாமையாக இருந்தது. அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டவள் கொடுத்து வைத்தவள் என்று அன்று இரவு கணவரிடமே சொன்னாள். அவர் "ம்" என்றார்.

மறுநாள் ஜிப் வாங்க அவள் கடைத்தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. கைப்பையில் குண்டூசி டப்பாவைப் போட்டுக்கொண்டாள். குலுங்கிக் குலுங்கிச் சத்தம் போடும் அந்தத் தகர டப்பா இல்லாமல் அவள் வாசல்படி இறங்கியதில்லை. வந்த பேருந்தில் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்வாசலில் தொற்றி ஏறினாள். முன்னால் பார்க்க வழியில்லை, எங்கே பார்த்தாலும் முதுகு. பேருந்து கிளம்பியதும் மைக் கரகரத்தது.

"வாங்க வாங்க. ரயிலை நம்பி வீடு வாங்குனவங்க எல்லாம் உள்ள தள்ளி நில்லுங்க. இப்ப நாம விட்டுட்டுப் போறது தையல்காரம்மா ஸ்டாப். அந்தம்மா வாயில எப்பவும் நாலு குண்டூசி இருக்கும். அதோடயே திட்டுவாங்க. ஒரு ஊசிகூடக் கீழ விழுந்ததில்ல."

பேருந்தே சிரித்தது. தையல்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் குரலின் "ம்" அவளுக்குத் தெரியும், "சரி" தெரியும். மற்ற எழுத்துகளை இன்றுதான் கேட்கிறாள்.

"சிரிக்காதீங்க" என்றது மைக். "அந்தக் கை தைச்ச தையல் பிரிஞ்சு நான் பாத்ததே இல்ல. இந்தச் சட்டை கிழிஞ்சாலும் கிழியும், தையல் அப்படியே இருக்கும். அடுத்தது தண்ணித் தொட்டி. இறங்குறவங்க குடையை மறக்காதீங்க, என் வீட்டுல வெக்க இடமில்ல."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை வருஷமாகக் காத்திருந்தாள்! அதை ஊர்பேர் தெரியாத ஜனத்துக்கெல்லாம் மைக் வைத்துச் சொல்கிறார், பக்கத்தில் படுத்திருப்பவளுக்குச் சொல்ல வாய் வரவில்லையா? இறங்கியவள் ஜிப் வாங்கப் போனதையே மறந்து, பொத்தான் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள்.

சாயங்காலம் அவர் வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இன்னிக்கு உங்க பஸ்லதான் வந்தேன்."

அவர் பேய்முழி முழித்தார்.

"ஊரு முழுக்க என்னைப் பத்திப் பேசுறீங்க. என்கிட்டப் பேச மட்டும் உங்களுக்கு வாய் கிடையாதா?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கடைசியில் வந்தது "சரி."

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேச்சை நிறுத்தினாள். வீட்டில் தையல் மிஷின் மட்டும் பேசியது. இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை, அந்தக் குரல் மறுபடி கேட்க வேண்டும்போல் அவளுக்கே நமைச்சலாக இருந்தது. வெட்கத்தை விட்டுப் பேருந்தில் ஏறி நடுவில் போய் உட்கார்ந்தாள். தலைக்குமேல் இருந்த கண்ணாடியில் அவர் கண் அவள் கண்ணைப் பார்த்தது. அவ்வளவுதான். மைக் "ம்" என்று முனகிவிட்டு அடங்கிப்போயிற்று. தண்ணித் தொட்டி வந்தது, போனது, ஒரு பேச்சில்லை. நிறுத்தம் தவறிய ஒருவர் எரிந்து விழுந்தார். வண்டியில் ஏதோ கோளாறு என்று நர்ஸம்மாவே வருத்தப்பட்டாள்.

அன்றைக்குத்தான் தையல்காரம்மாவின் மண்டையில் உறைத்தது. மனுஷருக்கு வாய் இல்லாமலில்லை. முகத்துக்கு முகம் பார்த்தால் பேச வராது, அவ்வளவுதான். கண்ணுக்கு முன்னால் சாலை ஓட வேண்டும், கேட்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

மறுநாள் நடத்துநரைத் தனியாகப் பிடித்து விஷயத்தைச் சொன்னாள்.

"அவருக்கு நேர் பின்னாடி சீட்டுல உக்காருங்கக்கா, கண்ணாடியில அந்த எடம் மட்டும் தெரியாது" என்றார் நடத்துநர். அதை மற்றவர்களுக்கு விடாமல் தன் பையை வைத்து அவளுக்காகப் பிடித்தும் கொடுத்தார். நிற்பவர்களின் முதுகுகளுக்குப் பின்னால் குனிந்து வளைந்து, அவள் அந்த இருக்கைக்குப் போய்ச் சேருவாள். தலைக்குமேல் ‘ஓட்டுநருடன் பேசாதீர்கள்’ என்று எழுதியிருந்தது. அவர் பயணிகளோடு பேசக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அதற்கப்புறம் தினமும் அவளுக்கு அந்தப் பயணம்தான். போகவர ஒரு சுற்று. அவர் மகளைப் பற்றிப் பேசினார். போனில் அவள் குரல் கேட்டதும் தொண்டை அடைத்துக்கொள்வதால்தான் அவசரமாக அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாராம் ஓர் அப்பா, தனக்குத் தெரிந்தவராம். கல்யாணத்தன்று பெண் பேசிய வேகத்தைப் பார்த்து மலைத்துப்போய், இனி தன் முறை வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று இருந்த ஒரு மாப்பிள்ளையைப் பற்றியும் சொன்னார். அவனுக்கு இன்னும் முறை வரவில்லையாம். பேருந்து சிரித்தபோது, இருக்கைக்குள் குனிந்து அவளும் சிரித்தாள்.

பிறகு தண்டவாளம் சரியாகிவிட்டது. ரயில்வேக்காரர்கள் இவ்வளவு சீக்கிரம் வேலையை முடிப்பார்கள் என்று யார் கண்டது? ஊரே கொண்டாடியது. அவள் மட்டும்தான் ரயில்வேயைச் சபித்தாள். இரண்டு பேர் வந்து கம்பத்தைப் பிடுங்கினார்கள். இந்த முறையும் அவளை யாரும் கேட்கவில்லை. பேருந்து தன் பழைய வழிக்கு, நகரத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. தெருவில் கம்பம் இருந்த குழி மட்டும் மிச்சம்.

அன்று மத்தியானம் அவள் ஒரு துணியும் தைக்கவில்லை. கூடத்தின் நடுவே எதிரும் புதிருமாக இருந்த இரண்டு நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, ஒன்றை இழுத்துத் தெருச் சன்னலைப் பார்த்துப் போட்டாள். இன்னொன்றை அதற்கு நேர் பின்னால் போட்டாள்.

சாயங்காலம் அவர் வந்தார். நாற்காலிகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கைகால் கழுவிக்கொண்டு வந்து முன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பின்னால் உட்கார்ந்து, தைக்க வேண்டிய துணியை மடியில் போட்டுக்கொண்டாள். தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. இன்னொன்று போயிற்று. இதுவும் பலிக்காவிட்டால் வேறு வழி தெரியவில்லை. குண்டூசி எடுக்க டப்பாவைத் திறந்தாள்.

"இந்தச் சத்தம் இல்லாம இன்னிக்கு வண்டியே ஓட்ட முடியலை" என்றார் அவர், சன்னலைப் பார்த்தபடியே.

அவள் டப்பாவைப் பார்த்தாள்.

"தினமும் எனக்குப் பின்னாடி ஒரு டப்பா குலுங்கும். நம்ம ஸ்டாப்புல ஏறும், ஒரு சுத்து சுத்திட்டு அங்கேயே இறங்கும். அது குலுங்குன பிறகுதான் நான் மைக்கையே எடுப்பேன்."

"தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"பின்ன, ஊரு ஜனத்துக்கா அவ்வளவும் சொன்னேன்?"

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பின்னால் உட்கார்ந்திருந்தது நல்லதாகப் போயிற்று. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ம்" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு அதற்குமேல் வரவில்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

விடுமுறைக்கு வந்த மகள் வாசலில் பெட்டியோடு திகைத்து நின்றாள். கூடத்தில் இரண்டு நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்க, அவற்றுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு முக்காலி காத்திருந்தது. அப்பா சன்னலைப் பார்த்து எதையோ சொல்ல, அம்மா அவர் முதுகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? அப்பா, என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஷ்" என்றாள் தையல்காரம்மா, வாயில் குண்டூசியோடு. "டிரைவரோட பேசக்கூடாது. ஏறி உக்காரு, அவரே சொல்லுவாரு."