தேருக்கு முன்னால் ஒரு பூக்கூடை

டிவியில் மகள் கார்ட்டூன் படம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் ஏதோ ஒரு நாட்டில் கலவரம். வெடிச்சத்தம் கேட்டதும் அதில் வரும் சிறுமி மேசைக்கடியில் புகுந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

“அதுக்கு இன்னாம்மா ஆச்சி?” என்றாள் மகள்.

எனக்கு டிலானி ஞாபகம் வந்துவிட்டது. இலங்கையில் சண்டைக்குத் தப்பி வில்லியனூர்ப் பக்கம் எங்கள் கிராமத்துக்கு வந்த குடும்பம். நாலாம் வகுப்பில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். அந்த வருடம் மாதா தேருக்கு முன்னால் பூத்தூவிப் போகும் சிறுமிகளில் முதல் இடத்தை சிஸ்டர் அவளுக்குக் கொடுத்துவிட்டார். அதற்கு முன் இரண்டு வருடமும் அது என் இடம்.

“வெடி போடுவினமோ?” என்று என்னிடம் மட்டும் தனியாகக் கேட்டாள்.

“தேருக்குலாம் வெடி போட மாட்டாங்கடி” என்றேன். தெரிந்தேதான் சொன்னேன்.

தேர் கோயில் வாசலைத் தாண்டும்போது அதிர்வேட்டு போடுவது எங்கள் ஊர் வழக்கம். முதல் வேட்டுக்கே அவள் கூடையைப் போட்டுவிட்டுத் தேருக்கடியில் புகுந்தாள். இரண்டு பேர் இழுத்து வெளியே எடுத்தார்கள். வெள்ளைக் கவுன் நனைந்திருந்தது. நான் அவள் கூடையை எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

மகள் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தாள். டிவிக்கு மேலே, என் அம்மா ஆசையாகச் சட்டம் போட்டு மாட்டிய தேர்த் திருவிழாப் புகைப்படத்தில், அந்தக் கூடையை இரண்டு கையாலும் பிடித்தபடி நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.